முடியில் இருப்பதும் ஆள் எடுத்ததும்

நான் எழுதிய முதல் முடி ஆய்வறிக்கையின் வரைவில் என் மேலதிகாரி ஒரே ஒரு சொல்லைத்தான் அடித்தார். “மாதிரிக்கு உரியவர் கோக்கைன் பயன்படுத்தியுள்ளார்” என்று முடிவுப் பகுதியில் எழுதியிருந்தேன். ‘பயன்படுத்தியுள்ளார்’ என்பதன் மேல் பேனாவால் கோடு இழுத்துவிட்டு, “நம்மிடம் வந்தது முடிதானே, ஆள் வரவில்லையே?” என்று கேட்டார். வாக்கியம் “மாதிரியில் கோக்கைன் கண்டறியப்பட்டது” என்று மாறியது. பிற்பாடு சிக்கல் வந்தால் தப்பித்துக்கொள்வதற்கான அலுவலக நடை என்றுதான் அப்போது அதை நினைத்தேன். வழக்குகளுக்காக நஞ்சையும் போதைப்பொருளையும் தேடும் தடய நச்சியலில் சில ஆண்டுகள் கழிந்த பிறகே, அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் இருக்கும் தூரத்தைக் கடப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினமானது என்று புரிந்தது.

போதைப்பொருளைத் தேட ஆய்வகத்துக்கு வழக்கமாக வருபவை இரத்தமும் சிறுநீரும். இரத்தம் சில மணி நேரத்தை, மிஞ்சினால் ஓரிரு நாளைக் காட்டும். சிறுநீரில் பெரும்பாலான பொருள்கள் இரண்டு முதல் நான்கு நாள் வரை தெரியும். நாள்தோறும் கஞ்சா புகைப்பவரிடம் மட்டும் அது வாரக்கணக்கில் நீளும். முடியோ மாதக்கணக்கைக் காட்டும். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், 12 சென்டிமீட்டர் நீளமுள்ள கற்றை ஒன்றில் ஏறத்தாழ ஓராண்டின் தடம் இருக்கிறது. குழந்தையை யாரிடம் ஒப்படைப்பது, ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பித் தருவதா, இறந்தவருக்கு இந்த மருந்து பழகியதா புதியதா என்பன போன்ற கேள்விகளில் முடியைத் தேடி வருவது இதனால்தான். முடியை எடுக்கும்போது கூச்சப்பட ஒன்றும் இல்லை, வேறொருவருடையதை மாற்றி வைப்பதும் எளிதன்று, எடுத்தது கெட்டும் போவதில்லை.

(மயிர் என்பது குற்றமற்ற பழந்தமிழ்ச் சொல். அதை நாமே வசவாக்கிவிட்டோம். ஆகவே மயிர்க்கால், மயிரிழை என்று கூட்டுச்சொல்லாக வரும் இடங்களில் மட்டும் துணிவுடன் எழுதிவிட்டு, மற்ற இடங்களில் முடி என்றே எழுதுகிறேன்.)

முடி இறந்த திசு. உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் இருக்கும் மயிர்க்கால் மட்டுமே. அங்கே நுண்ணிய இரத்தக் குழாய்கள் வேரைச் சூழ்ந்திருக்கின்றன. செல்கள் வேகமாகப் பிரிந்து, மேலே தள்ளப்பட்டு, கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்து, காய்ந்து இறுகுகின்றன. அந்த நேரத்தில் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பொருள்களில் ஒரு சிறு பங்கு இறுகும் செல்லுக்குள் சிக்கிக்கொள்கிறது. அதன்பின் அதைச் சிதைக்கக் கல்லீரலும் இல்லை, வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை. உருவான பகுதி தோலுக்கு வெளியே தலைகாட்ட ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் ஆகிறது. நேற்று நடந்ததை முடியில் தேடக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

இந்த விளக்கம் இவ்வளவோடு முடிந்திருந்தால் என் மேலதிகாரி அந்தச் சொல்லை அடித்திருக்க மாட்டார். முடிக்குள் செல்ல இரத்தம் ஒன்றே வழியன்று. வியர்வை முடியை நனைக்கிறது, தோலின் எண்ணெய்ச் சுரப்பு அதன் மேல் பூசிக்கொண்டே இருக்கிறது, அவற்றிலும் போதைப்பொருள் கரைந்திருக்கக்கூடும். அறையில் இன்னொருவர் விட்ட புகை படிகிறது. பொடியைத் தொட்ட கை தலையைக் கோதுகிறது. அது பெற்றோரின் கையாக இருக்கலாம், கோதப்படுவது குழந்தையின் தலையாக இருக்கலாம். வெளியே படிந்தது வெளியிலேயே நின்றுவிட்டால் கழுவிப் போக்கலாம். ஈரம் பட்டால் அது உள்ளேயும் ஊறும் என்பதுதான் தொல்லை. கோக்கைன் பொடியைத் தலைமுடியில் வேண்டுமென்றே தேய்த்துச் செய்த சோதனைகளில், பல வாரம் வழக்கம்போலத் தலைக்குக் குளித்து, ஆய்வகத்தில் மறுபடி கழுவிய பிறகும் அது முடியில் எஞ்சியிருந்தது.

இந்தக் குழப்பம் போதைப்பொருளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. முடியில் நஞ்சைத் தேடும் வழக்கத்தின் தொடக்கமாக எங்கள் துறையினர் சொல்வது 1858-ஐ. புதைத்துப் 11 ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்த உடலின் முடியில் ஆர்செனிக் இருந்ததை ஜெர்மானிய மருத்துவர் யோஹான் லுட்விக் காஸ்பர் பதிவு செய்தார். பின்னர் நெப்போலியனின் முடியில் ஆர்செனிக் மிகுந்திருப்பது தெரிந்து, அவரை யாரோ நஞ்சூட்டிக் கொன்றார்கள் என்ற கதை 1960-களில் உலகெங்கும் பரவியது. 2008-இல் இத்தாலிய அறிவியலாளர்கள் அவருடைய சிறுவயது முடியையும், நாடு கடத்தப்பட்ட காலத்து முடியையும், அவர் மகன், மனைவி ஜோசஃபின் ஆகியோரின் முடியையும் சேர்த்து அளந்தபோது, எல்லாவற்றிலுமே இன்றைய சராசரியைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு ஆர்செனிக் இருந்தது. அந்தக் காலத்துச் சூழலே அப்படி. முடியில் ஆர்செனிக் இருந்தது முழு உண்மை. நஞ்சூட்டினார்கள் என்பது அந்த உண்மையிலிருந்து தாவிய தாவல். 1979-இல் ஆய்வாளர் பௌம்கார்ட்னரும் அவருடைய குழுவினரும் ஹெராயின் பயன்படுத்துவோரின் முடியில், அது உடலில் மாறித் தரும் மார்ஃபினைக் கண்டறிந்து இன்றைய துறைக்கு வழி திறந்தபோது, இந்தத் தாவலும் கூடவே உள்ளே வந்துவிட்டது.

தாவாமல் நடந்து கடக்க ஆய்வகத்துக்குச் சில படிகள் உண்டு. முதலாவது கழுவல். டைக்குளோரோமீத்தேன் போன்ற கரைப்பானிலும் நீர்க் கரைசலிலும் முடியை முறையாக அலசி, கடைசியாக அலசிய நீர்மத்தைக் கொட்டாமல் அதையும் சோதிக்க வேண்டும். கழுவிய நீர்மத்தில் இருப்பது மிகுதியாகவும் முடிக்குள் இருப்பது சொற்பமாகவும் இருந்தால் வெளிப்படிவு என்ற ஐயம் வலுக்கிறது. இதை வீண் செலவு என்று தவிர்த்த ஆய்வகங்களும் இருந்தன. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது படி, உடல் மட்டுமே செய்யக்கூடிய பொருளைத் தேடுவது. ஹெராயின் இரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்து 6-மோனோ அசிட்டைல் மார்ஃபினாக மாறுகிறது; முடியில் அது கிடைத்தால் இருமல் மருந்தின் கோடீனோ வலிநிவாரணி மார்ஃபினோ அன்று, ஹெராயின்தான் என்று சொல்ல முடிகிறது. கோக்கைனுக்கு, அது சிதைந்து உருவாகும் பென்சோயில் எக்கோனினைப் பார்க்கிறோம், அது கோக்கைனின் அளவில் 5 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்பது பரவலாகக் கையாளப்படும் விதி. ஆனால் பென்சோயில் எக்கோனின் உடலுக்கு வெளியே ஈரத்திலும் காரத்திலும் தானாகவே உருவாகும் பொருள். ஆகவே நார்கோக்கைன், மதுவும் கோக்கைனும் சேரும்போது உடலில் பிறக்கும் கோக்காஎத்திலீன் ஆகியவற்றையும் தேடுகிறோம். அண்மையில் ஹைட்ராக்சி கோக்கைன்கள் நம்பிக்கை தருகின்றன. கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. புகையிலேயே இருப்பது, எனவே அது மட்டும் கிடைத்தால் எதுவும் நிலைநாட்டப்படுவதில்லை. அது உடலில் மாறி உருவாகும் டி.எச்.சி. கார்பாக்சிலிக் அமிலம் புகையில் இல்லை என்பதால் அதையே இறுதிச் சான்றாக நெடுங்காலம் கருதினோம். 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதையும் அசைத்துவிட்டார்கள்: கஞ்சா பயன்படுத்தும் ஒருவரின் வியர்வை, தோலெண்ணெய் வழியாக அந்த அமிலம் இன்னொருவரின் முடிக்குப் போய்ச் சேரலாம் என்று காட்டினார்கள். அப்படியானால் அது ஓர் உடலில் உருவானது என்பது உறுதி. யாருடைய உடலில் என்பது உறுதியன்று. பெற்றோர் மடியில் தூங்கும் குழந்தையின் முடியைச் சோதிக்கும் எவருக்கும் இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றக் கூடாது.

மூன்றாவது, அளவு. 1995-இல் தொடங்கப்பட்ட முடி ஆய்வு வல்லுநர்களின் பன்னாட்டுச் சங்கம் பரிந்துரைக்கும் வரம்புகளைப் பெரும்பாலோர் பின்பற்றுகிறோம். கோக்கைனுக்கு ஒரு மில்லிகிராம் முடியில் 0.5 நானோகிராம், ஆம்பிடமினுக்கும் மார்ஃபினுக்கும் 0.2 நானோகிராம். எங்கள் கைக்கு வருவது 20 அல்லது 30 மில்லிகிராம் முடி. அதில் வரம்பு அளவில் கோக்கைன் இருந்தால் மிஞ்சினால் 15 நானோகிராம்தான் தேறும், ஒரு கிராமில் நூறு கோடியில் 15 பங்கு. டி.எச்.சி. கார்பாக்சிலிக் அமிலத்துக்கான வரம்போ மில்லிகிராமுக்கு 0.2 பைகோகிராம், அதாவது கோக்கைன் வரம்பில் 2500-இல் ஒரு பங்கு. இந்த எண்களை நீதிமன்றத்தில் வாசிக்கும்போது யாரும் வியப்பதில்லை, எண்களைச் சொன்னாலே அறிவியல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். வரம்புக்கு மேல் வந்தால் குற்றம், கீழே வந்தால் குற்றமின்மை என்று ஒரு கோடு கிழித்த மாதிரி அதைப் படிப்பதைத் தடுக்கும் பொறுப்பு அறிக்கை எழுதுபவருக்கு இருக்கிறது.

இப்போது அந்தக் கதை. கனடாவின் டொரண்டோவில் பெயர்பெற்ற குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் ‘மதரிஸ்க்’ என்ற ஆய்வகம் இயங்கியது. 2005 முதல் 2015 வரை குழந்தைகள் நலத்துறை வழக்குகளுக்காக 16,000-க்கும் மேற்பட்டவர்களின் 24,000-க்கும் மேற்பட்ட முடி மாதிரிகளை அது சோதித்தது. அவற்றின் அடிப்படையில் பெற்றோரிடமிருந்து குழந்தைகள் பிரிக்கப்பட்டார்கள். அந்த ஆய்வகம் 2010 வரை நம்பியிருந்தது எதிர்ப்பொருள் அடிப்படையிலான முதற்கட்டச் சோதனையை. அந்தச் சோதனை ஒத்த அமைப்புடைய வேறு பொருள்களுக்கும் துலங்கும். ‘இங்கே எதோ இருக்கலாம், மேலே பாருங்கள்’ என்று சொல்வதற்கு மட்டுமே அது உதவும். அதற்கு மேல் நிறை நிறமாலைமானியில், அதாவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில், அந்தப் பொருளின் மூலக்கூறு அடையாளத்தை உறுதிப்படுத்தியாக வேண்டும். அவர்கள் முடியை வழக்கமாகக் கழுவவும் இல்லை. 2014-இல் ஒன்டாரியோ மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த ஆய்வகத்தின் முடி முடிவை நம்பி வழங்கப்பட்ட குற்றத் தீர்ப்பொன்றைத் தள்ளியது. ஓய்வுபெற்ற நீதிபதி சூசன் லாங் தலைமையில் நடந்த ஆய்வு, குழந்தைகள் நலத்துறை வழக்குக்கும் குற்ற வழக்குக்கும் அந்த முடிவுகள் போதாதவை, நம்பத்தகாதவை என்று 2015 டிசம்பரில் அறிவித்தது. அதன்பின் ஜூடித் பீமன் தலைமையிலான ஆணையம் 1,271 வழக்குகளைப் புரட்டி, 56 வழக்குகளில் அந்த முடிவுகள் தீர்ப்பைக் கணிசமாகத் திருப்பியிருந்தன என்று 2018-இல் அறிக்கை தந்தது.

இதில் என்னை உறுத்துவது கருவியின் குறைபாடு அன்று. அந்த முடிவுகளைப் பெற்ற அலுவலர்களோ வழக்கறிஞர்களோ நீதிபதிகளோ பத்தாண்டுக் காலம் “இது முதற்கட்டச் சோதனையா, உறுதிப்படுத்தியதா?” என்று கேட்டு நிறுத்தவில்லை. நச்சியல் அறிக்கைக்கு இருக்கும் மதிப்பு, அதைக் கேள்வி கேட்கவிடாத மதிப்பாக மாறிவிட்டிருந்தது.

முடியின் நிறம் தனிச் சிக்கல். கோக்கைன், ஆம்பிடமின், கோடீன் முதலிய காரத்தன்மையுள்ள பொருள்கள் முடியின் கருநிறத்துக்குக் காரணமான யூமெலனின் என்ற நிறமியோடு நன்றாகப் பிணைகின்றன. ஆகவே ஒரே அளவு மருந்தை எடுத்த இருவரில் கருமுடிக்காரரிடம் கூடுதலாகவும் பொன்முடிக்காரரிடம் குறைவாகவும் பதிகிறது. ஒரே தலையில் நரைத்த இழையையும் நரைக்காத இழையையும் பிரித்து அளந்தாலும் இந்த வேறுபாடு தெரிகிறது. கஞ்சாவின் அமிலத்தன்மையுள்ள விளைபொருளுக்கு இந்தப் பிணைப்பு மிகக் குறைவு. பொருள் எது, முடி எந்த நிறம் என்று பாராமல் எல்லாருக்கும் ஒரே வரம்பு வைப்பது நடுநிலைபோலத் தோன்றும், ஆனால் அது எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளப்பதாகாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் காவல்துறை 1999-இல் தன் ஊழியர்களுக்கு முடிச் சோதனையைக் கொண்டுவந்தது. வெள்ளையர்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரும், கறுப்பினத்தவரில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரும் தேறினார்கள். பார்வைக்கு அற்பமான இந்த வேறுபாடு புள்ளியியல்படி தற்செயலாக இருக்க முடியாதது என்பதை 2014-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. அதற்கு முந்தைய ஆண்டே மாசசூசெட்ஸ் குடிமைப் பணி ஆணையம், முடி முடிவு மட்டுமே ஒருவரைப் பணிநீக்கம் செய்யப் போதுமான ஆதாரமாகாது என்று சொல்லி, பணி இழந்த பத்துப் பேரில் ஆறு பேரைத் திரும்ப எடுக்கச் செய்திருந்தது. அந்த வேறுபாட்டுக்கு மெலனின் எவ்வளவு காரணம், முடி அலங்காரப் பொருள்களும் படிவுகளும் எவ்வளவு காரணம் என்பதில் துறைக்குள் இன்றும் சண்டை ஓயவில்லை. 2020-இல் அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கான முடிச் சோதனை நெறிகளை முன்மொழிந்தபோது, முடியில் கண்டறியப்பட்டால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்காமல் சிறுநீரோ உமிழ்நீரோ சோதிக்க வேண்டும் என்ற விதியையும் சேர்த்தே எழுதியது.

முடியை நாட்குறிப்புப்போல மாத வாரியாகப் படிக்கலாம் என்ற எண்ணமும் பாதி உண்மைதான். வேர் முனையிலிருந்து சென்டிமீட்டர் கணக்கில் துண்டாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே அளக்கிறோம். ஆனால் மாதம் ஒரு சென்டிமீட்டர் என்பது சராசரி; ஆளுக்கு ஆள் 0.6 முதல் 1.4 வரை மாறுகிறது. 12 சென்டிமீட்டர் முடி ஒருவருக்கு எட்டரை மாதம், இன்னொருவருக்கு இருபது மாதம். தவிர, தலையில் எந்த நேரத்திலும் பத்தில் ஓர் இழைக்கும் மேல் வளர்ச்சி நின்று, உதிரக் காத்துக்கொண்டிருக்கும். அவற்றின் வேரோரப் பகுதி பல மாதங்களுக்கு முன்பே உருவானதாக இருக்கலாம். ஒருவர் உண்மையாகவே போதையை விட்டுவிட்ட பிறகும் வேரோரத் துண்டில் சிறிதளவு காட்டுவதற்கு இதுவே காரணம். இதைப் பொறுமையாக விளக்காவிட்டால், நான்கு மாதமாகத் தொடாதவரைப் பொய்யர் என்று ஆக்கிவிடுவோம். அதே மனிதரின் துண்டுகளை வரிசையாக வைத்தால் நுனியிலிருந்து வேரை நோக்கி அளவு இறங்கிக்கொண்டே வருவது தெரியும், அந்த இறக்கம் அவருக்குச் சாதகமாகச் சொல்லக்கூடிய மிக நல்ல சாட்சி.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். “கண்டறியப்படவில்லை” என்பது “எடுக்கவில்லை” என்பதன் மாற்றுச்சொல் அன்று. ஒரே ஒருமுறை எடுத்தது பெரும்பாலும் வரம்பைத் தொடாது. முடியை வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் அழித்துவிடக்கூடும்; சுருள் நிமிர்த்தும் காரப் பூச்சும் சாயமும் தத்தம் பங்குக்குக் குறைக்கின்றன. மொட்டை அடித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்காத ஆள் இல்லை. மார்பிலோ கையிலோ காலிலோ இருந்து எடுப்போம். ஆனால் அங்கே பெரும்பாலான இழைகள் வளராமல் ஓய்ந்திருப்பவை, எனவே எந்த மாதம் என்ற கேள்விக்கு அவை விடை தரா. ஒரே முறை நடந்ததைத் தேடியாக வேண்டிய வழக்கும் உண்டு: தெரியாமல் மயக்க மருந்து கலந்து கொடுத்து ஒருவரைத் துன்புறுத்திய வழக்கு. சிறுநீரில் தேடும் காலம் கடந்த பிறகே பாதிக்கப்பட்டவர் புகார் செய்ய முன்வருகிறார் என்பதால், அங்கே முடி கடைசி நம்பிக்கை. உடனே வெட்டாமல் நான்கைந்து வாரம் காத்திருந்து, அந்த நாளுக்குரிய பகுதி தோலுக்கு வெளியே வந்தபின் எடுத்து, சிறு துண்டுகளாக்கித் தேட வேண்டும். அந்த ஒரு துண்டில் மட்டும் மருந்து இருந்து, முன்னும் பின்னும் இல்லை என்றால், அந்த அமைப்பே நிறையச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் முடி இப்படித் துணை நின்றிருக்கிறது. 2009-இல் டென்னிஸ் வீரர் ரிஷார் காஸ்கேயின் சிறுநீரில் கோக்கைனின் தடம் கிடைத்தபோது, அவர் அதை வழக்கமாகப் பயன்படுத்துபவர் அல்லர் என்ற வாதத்துக்கு முடி ஆய்வு ஆதரவாக இருந்தது. விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவர்மேல் தவறில்லை என்று முடிவு செய்தது.

இத்தனையும் நடப்பதற்கு, முடியை எடுப்பவர் ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும். உச்சிக்குப் பின்புறம், பிடரிக்கு மேலே இருக்கும் பகுதியில் வளர்ச்சி வேகம் அதிகம் மாறுவதில்லை. அங்கே பென்சில் தடிமனுக்கு ஒரு கற்றையைப் பிடித்து, வேரோரத்தில் நூலால் கட்டி, தோலை ஒட்டி வெட்ட வேண்டும். பிடுங்கக் கூடாது. அலுமினியத் தாளில் மடித்து, வேர் முனை எது என்று குறித்து, நிறம், நீளம், சாயம் பூசியதா என்பனவற்றை எழுதி, காகித உறையில் ஈரமும் வெயிலும் படாமல் அறை வெப்பத்தில் வைத்தால் போதும். குளிர்பெட்டி வேண்டியதில்லை.

சென்ற மாதம் ஒரு மாதிரி வந்தது. முத்திரை சரியாக இருந்தது, கையொப்பங்கள் சரியாக இருந்தன, எந்த மாதங்களில் பயன்பாடு இருந்தது என்று தெரிவிக்குமாறு கடிதமும் இருந்தது. உறையைப் பிரித்தால் பத்து சென்டிமீட்டர் முடி நூல் கட்டு இல்லாமல், சிலது இப்படியும் சிலது அப்படியுமாகச் சுருண்டு கிடந்தது. வேர் முனையைச் சொல்ல எந்த வழியும் இல்லாததால், மொத்தத்தையும் ஒரே மாதிரியாக எடுத்துக் கழுவி, பொடித்து, அளந்தேன். கடிதத்தில் கேட்டிருந்த கேள்விக்கு விடை எழுத முடியவில்லை. “சமர்ப்பிக்கப்பட்ட முடி மாதிரியில் ஆம்பிடமின் கண்டறியப்பட்டது, காலப் பகுப்பு இயலவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் தொலைபேசியில் ஒருவர், “அப்படியென்றால் அவர் பயன்படுத்தினாரா, இல்லையா?” என்று கேட்டார். அறிக்கையில் இருந்த வாக்கியத்தையே மறுபடியும் வாசித்துக் காட்டினேன்.